தொட்டுப் பாருங்கள், பிளக் சுடுகிறதா?

வாசகர் கேள்வி – பதில்

மார்கழிக் குளிர் தொடங்கினதும் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடும். வயல், மாடு, காணி உறுதி எல்லாம் பின்னுக்குப் போய் சுடுதண்ணி, கேற்றில், ஹீற்றர் என்று சூடு தரும் சாமான்கள் முன்னுக்கு வந்துவிடும். இந்த முறை பிளக் கருகியது, வயர் மணத்தது, கை கூசியது என்று எழுதியவர்களின் கடிதங்களை மட்டும் எடுத்திருக்கிறேன். இவை அடுத்த மாதம் பார்ப்போம் என்று ஒதுக்கி வைக்கக்கூடிய கேள்விகள் இல்லை.

அப்பா லண்டனில் அண்ணாவோடு இருந்துவிட்டு இந்த வருடம் ஊரோடு வந்துவிட்டார். வரும்போது ஒரு சின்ன ஃபான் ஹீற்றரும் கொண்டுவந்தார். விடியப்புறக் குளிர் தாங்க ஏலாது என்று அறையில் அதைப் போடுகிறார். அறையில் இருப்பது பழைய வட்ட முனைப் பொயின்ற், அதனால் கடையில் அடப்ரர் வாங்கிக் குத்தியிருக்கிறோம். இப்போது அந்த இடத்தில் மீன் பழுதானது போல ஒரு மணம், அடப்ரரின் ஓரமும் மண்ணிறமாகிவிட்டது. ட்ரிப் ஒருநாளும் விழவில்லை, ஆனபடியால் பயமில்லை என்கிறார் அப்பா. சரிதானா?
– வாசகி, ஒட்டுசுட்டான்

சரியில்லை தங்கச்சி. மிச்சத்தைப் பிறகு வாசியுங்கள், முதலில் மெயின் சுவிற்சை நிறுத்திவிட்டு அந்த அடப்ரரைக் கழற்றி எறியுங்கள். அந்தப் பொயின்ற்றில் இனி ஃபோன் சார்ஜர்கூடக் குத்த வேண்டாம், மாற்றும்வரை அதன்மேல் ஒரு ரேப் துண்டாவது ஒட்டிவிடுங்கள். மீன் மணம் என்று நீங்கள் எழுதியதுதான் இந்தக் கடிதத்திலேயே மிக முக்கியமான சொல். பிளக்கும் பொயின்ற்றும் செய்யும் சில வகைப் பிளாஸ்ரிக் அளவுக்கு மீறிச் சூடேறும்போது அப்படித்தான் மணக்கும். குசினியில் மீன் இல்லாத நாளில் வீட்டில் மீன் மணத்தால் சுவரைத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். அப்பாவின் ஹீற்றருக்கு அடியில் ஒட்டியிருக்கும் துண்டில் அநேகமாக 2000 வாற்ஸ் என்று இருக்கும். எங்கள் கறண்ட் 230 வோல்ற். 2000 ஐ 230 ஆல் பிரித்தால் கிட்டத்தட்ட 8.7 அம்பியர் வரும். அறையில் இருக்கும் சின்ன வட்ட முனைப் பொயின்ற் 5 அம்பியருக்குச் செய்தது, அதாவது 1150 வாற்ஸ் வரைக்கும்தான் அதன் கொள்ளளவு. அடப்ரர் என்பது முனையின் வடிவத்தை மாற்றும், கொள்ளளவை மாற்றாது. லண்டன் பிளக்குக்குள் ஒரு பியூஸ் இருக்கிறதே என்று அப்பா சொல்லக்கூடும். உண்மைதான், ஆனால் ஹீற்றர் பிளக்கில் போட்டிருப்பது 13 அம்பியர் பியூஸ், 8.7 அம்பியர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

அடுத்தது, ஏன் ட்ரிப் விழவில்லை. இதை எல்லா வாசகர்களும் கொஞ்சம் கவனமாக வாசிக்க வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரில் "ட்ரிப் இருக்குத்தானே" என்ற ஒரு வார்த்தையை நம்பி எவ்வளவோ ஆபத்தை வீட்டுக்குள் வைத்திருக்கிறோம். ட்ரிப் சுவிற்ச் பார்ப்பது போன கறண்ட் முழுக்கத் திரும்பி வருகிறதா, இல்லை நிலத்துக்கோ ஆளுக்கோ கசிகிறதா என்பதை. பக்கத்தில் வரிசையாக இருக்கும் சின்னப் பிறேக்கர்கள் பார்ப்பது அந்த வயரில் அளவுக்கு மேல் கறண்ட் ஓடுகிறதா என்பதை. உங்கள் அறைக்கான பிறேக்கர் 10 அல்லது 16 அம்பியராக இருந்தால் 8.7 அதற்குக் கீழேதான் இருக்கிறது, அது விழ ஒரு காரணமும் இல்லை. பிளக்கின் முனையும் உள்ளே அதைப் பிடிக்கும் பித்தளைத் தகடும் சரியாக ஒட்டாமல் இளக்கமாகக் கிடந்தால் அந்த இடத்தில் ஒரு சின்னத் தடை உண்டாகும். அரை ஓம் தடை என்று வைத்துக்கொள்ளுங்கள். கறண்டை அதே கறண்டால் பெருக்கி, அதைத் தடையால் பெருக்கினால் 38 வாற்ஸ் சூடு வரும். றேடியோ திருத்துபவர் ஈயம் உருக்கும் அயன் அவ்வளவுதான் இருக்கும். அப்படி ஒன்றை உங்கள் சுவருக்குள்ளே, பிளாஸ்ரிக்குக்கு நடுவில், இரா முழுக்க எரியவிட்டது போலத்தான் இது. பிறேக்கருக்கும் தெரியாது, ட்ரிப்புக்கும் தெரியாது, பியூஸுக்கும் தெரியாது. சூடேறச் சூடேறத் தகட்டின் விறைப்பு போகும், மேலே கறுப்புப் படியும், தடை இன்னும் கூடும், சூடும் கூடும். அது தானாகக் குறையாது.

ஆகவே இதைக் கண்டுபிடிக்க வீட்டில் இருக்கும் ஒரே கருவி உங்கள் கைதான். சூடு தரும் எந்தச் சாமானையும் ஒரு பத்து நிமிடம் போட்டுவிட்டு, சுவிற்சை நிறுத்தி, பிளக்கின் முதுகைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் அந்த இடம் பழுது. கழற்றிப் பார்த்து முனை கறுத்திருந்தால் பிளக்கையும் பொயின்ற்றையும் இரண்டையுமே மாற்ற வேண்டும். கருகின பொயின்ற்றில் புதுப் பிளக்கைக் குத்தினால் அதுவும் கருகும், கருகின பிளக்கைப் புதுப் பொயின்ற்றில் குத்தினால் அந்தப் பொயின்ற் போகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2009 க்குப் பிறகுதான் எங்கள் பக்கத்தில் கறண்ட் பரவலாகத் திரும்பி வந்தது, அதற்கு முதல் குப்பி விளக்கில் படித்த பிள்ளைகள்தான் இப்போது வீட்டுக்காரர்கள். அப்போது கட்டின வீடுகளில் காசு கூரையோடும் சீலைப்படங்கோடும் முடிந்துவிட, வயரிங் கடைசியில் வந்தது, அதுவும் நாலு பல்ப், ஒரு ரிவி, ஒரு ஃபோன் என்ற கணக்கில். பல வீடுகளில் அறைப் பொயின்ற் பல்ப் வயரில் இருந்து இழுத்ததாகவே இருக்கும், அந்த வயர் 1/1.13 என்ற மெல்லியது, அதாவது 1.13 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரே ஒரு இழை. 13 அம்பியர் பொயின்ற்றுக்கு 7/0.67 வயர், அதாவது 0.67 மில்லிமீற்றரில் ஏழு இழை உள்ளது வேண்டும். வெளிச்சத்துக்கென்று போட்ட வயரிடம் இப்போது சூடு கேட்கிறோம். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை, அன்றைக்கு அவ்வளவுதான் முடிந்தது. ஆனால் இன்றைக்கு அந்த வீட்டில் கேற்றிலும் ஸ்திரிக்கைப் பெட்டியும் ரைஸ் குக்கரும் வந்துவிட்டன, வயர் மட்டும் அப்படியே இருக்கிறது.

அப்பாவுக்கு ஹீற்றர் வேண்டும்தான் என்றால், மெயின் போட்டில் இருந்து தனியாக 7/0.67 வயர் இழுத்து, அந்த அறையில் ஒரு நல்ல 13 அம்பியர் சதுரப் பொயின்ற் போடச் சொல்லுங்கள். ஹீற்றரின் பிளக் நேராக அதில் போக வேண்டும், நடுவில் அடப்ரரோ மல்ரி பிளக்கோ கூடாது. கட்டிலில் இருந்து, துணியில் இருந்து, முக்கியமாக நுளம்பு வலையில் இருந்து ஒரு மீற்றராவது தள்ளி வையுங்கள். லண்டனில் நுளம்பு வலை இல்லை, ஆகவே ஹீற்றர் கொம்பனி அச்சடித்த தாளில் அதைப் பற்றி இருக்காது, ஆனால் நைலோன் வலை காற்றில் ஒருக்கா அசைந்து அதன் வாயில் பட்டால் போதும். கிடுகுக் கூரையோ கிடுகுத் தட்டியோ உள்ள அறை என்றால் ஹீற்றர் வேண்டவே வேண்டாம். படுக்கப் போகும்போது நிறுத்திவிட வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் மனதில் உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். வன்னியில் மார்கழி, தை விடியலில் 20 பாகை செல்சியஸ் அளவுக்குத்தான் இறங்கும். அப்பாவுக்கு ஒரு கம்பளி, காலுறை, வாடைக்காற்று வரும் பக்கத்து யன்னலுக்கு ஒரு தடிப்பான சீலை, கால்மாட்டில் ஒரு சுடுதண்ணிப் பை, இவை போதும். ஹீற்றருக்குப் பதிலாக நெருப்புச் சட்டியை மட்டும் பூட்டின அறைக்குள் வைத்துவிடாதீர்கள். கரி எரியும்போது வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, நித்திரையிலேயே ஆள் போய்விடும்.

மகள் கனடாவில் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருக்கிறாள், கைக்குழந்தையும் இருக்கிறது. வீடு சூடாகவில்லை என்று ஒரு கறண்ட் ஹீற்றர் வாங்கி எக்ஸ்ரென்சன் வயரில் போட்டிருக்கிறாள். மைக்கிறோவேவும் சேர்த்துப் போட்டால் பிறேக்கர் விழுகிறதாம். வீட்டுக்காரரிடம் சொல்லிப் பெரிய பிறேக்கர் போடலாமா என்று கேட்கிறாள். நான் என்ன சொல்ல?
– ஒரு தாய், புதுக்குடியிருப்பு

பெரிய பிறேக்கர் போடவே கூடாது என்று இன்றைக்கே ஃபோனில் சொல்லுங்கள் அம்மா. அந்தப் பிறேக்கர் விழுவது அதன் கடமை. சுவருக்குள் உள்ள வயருக்குப் பொருத்தமாகத்தான் 15 அம்பியர் பிறேக்கர் போட்டிருக்கிறார்கள். பிறேக்கரைப் பெரிசாக்கினால் அது விழாது, அதற்குப் பதிலாக வயர் சூடேறும்.

கனடாவில் வீட்டுப் பொயின்ற்றில் வருவது 120 வோல்ற், எங்களுடையதில் ஏறக்குறைய அரைவாசி. ஆகவே அதே சூட்டை எடுக்க அங்கே இரண்டு மடங்கு அம்பியர் ஓட வேண்டும். 1500 வாற்ஸ் ஹீற்றர் இங்கே என்றால் 6.5 அம்பியர், அங்கே 12.5 அம்பியர். அந்த ஒரு சாமானே 15 அம்பியர் வயரைக் கிட்டத்தட்ட நிரப்பிவிடுகிறது, மைக்கிறோவேவுக்கு அதில் இடமில்லை. பொயின்ற் கொஞ்சம் இளக்கமாக இருந்தால் மேலே தங்கச்சிக்குச் சொன்ன சூடு அங்கே இன்னும் கூடுதலாக வரும். ஆகவே எக்ஸ்ரென்சன் வயரைக் கழற்றி ஹீற்றரை நேரே சுவரில் குத்தச் சொல்லுங்கள், அதே பிறேக்கரில் இருந்து வரும் பொயின்ற்றுகளில் வேறு பெரிய சாமான் போட வேண்டாம். குத்தின பிளக் தொளதொள என்று தொங்கினால் அந்தப் பொயின்ற்றைப் பாவிக்க வேண்டாம். வயரைக் கார்ப்பெற்றுக்குக் கீழே ஓட்டவும் கூடாது, குழந்தையின் ஈர உடுப்பை ஹீற்றர் மேல் காயப்போடவும் கூடாது.

பயமுறுத்த எழுதவில்லை, ஆனால் மகள் இதை அறிந்திருப்பது நல்லது. 2022 ஜனவரி 9 ஆம் திகதி நியூயோர்க்கின் பிறொங்ஸ் பகுதியில் ஒரு மாடிக் குடியிருப்பில் 17 பேர் இறந்தார்கள், அதில் 8 பேர் குழந்தைகள். படுக்கை அறையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு கறண்ட் ஹீற்றரில் இருந்துதான் தீ தொடங்கியது என்று தீயணைப்புத் துறை சொன்னது. தீ அந்த ஒரு வீட்டை விட்டு அதிகம் பரவவில்லை. தானாகச் சாத்த வேண்டிய கதவு சாத்தாமல் போக, புகை படிக்கட்டு வழியாக மாடி மாடியாக ஏறி, தூரத்தில் இருந்தவர்களைக் கொன்றது. ஆகவே பேஸ்மென்ற்றில் புகை அலாரம் வேலை செய்கிறதா என்று பொத்தானை அமர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்ராரியோவில் ஒவ்வொரு தளத்திலும், படுக்கும் இடத்துக்கு வெளியிலும் அது இருக்க வேண்டும் என்பது சட்டம். பேஸ்மென்ற்றில் இருப்பவர்களுக்கு வெளியே வர இன்னொரு வழியும் வேண்டும், யன்னல் திறபடுகிறதா என்று பார்க்கட்டும்.

அப்புறம் ஒரு உரிமைக் கதை. ஸ்காபரோ ரொறன்ரோ நகரத்துக்குள் வருகிறது. குளிர்காலத்தில் வீட்டுக்காரர் 21 பாகை வெப்பமாவது தர வேண்டும் என்று நகரச் சட்டம் சொல்கிறது. எங்கள் பிள்ளைகள் பலர் வீட்டுக்காரரும் தமிழ் ஆள்தானே, முகத்தை முறிக்கக் கூடாது என்று குளிரோடு கிடப்பார்கள். மகள் ஹீற்றர் வாங்கினது அவள் தவறில்லை, வீட்டைச் சூடாக்குவது வீட்டுக்காரரின் பொறுப்பு. 311 என்ற இலக்கத்துக்கு அடித்தால் நகரசபை கேட்கும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இதைக் கேட்க வெட்கப்படத் தேவையில்லை.

நான் பரந்தனில் சின்னத் தேத்தண்ணிக்கடை வைத்திருக்கிறேன். ஒரு பொயின்ற், அதில் மல்ரி பிளக், அதில் கேற்றில், சோற்றுக்கு ரைஸ் குக்கர், ஃபோன் சார்ஜர். மல்ரி பிளக்கில் 13 அம்பியர் என்று அடித்திருக்கிறது, பிறகும் வயர் சுடுகிறது. ஏன்?
– வாசகர், பரந்தன்

தம்பி, மேலே அடித்திருக்கும் இலக்கத்தை விட்டுவிட்டு வயரின் உடலைப் பாருங்கள், அதில் சின்ன எழுத்தில் 3 x 0.75 என்றோ 3 x 1.25 என்றோ இருக்கும், உள்ளே மூன்று கம்பி, ஒவ்வொன்றின் தடிப்பும் அத்தனை சதுர மில்லிமீற்றர் என்று அர்த்தம். 0.75 என்றால் அந்த வயர் 6 அம்பியர் மட்டும்தான் தாங்கும். 13 அம்பியர் எடுக்க 1.25 ஆவது வேண்டும். ஒன்றுமே எழுதாமல் இருந்தால் அதை வாங்கவே கூடாது. கேற்றில் 1500 வாற்ஸ், ரைஸ் குக்கர் 700 என்று வைத்தாலும் இரண்டும் சேர்ந்து 9.6 அம்பியர் ஆகிவிடும். ஃபோன் சார்ஜரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அது ஒரு தூசி.

விலை குறைந்த மல்ரி பிளக்கின் உள்ளே இருக்கும் தகடு வேறு தகரம் மாதிரி இருக்கும், நாளுக்கு நாற்பது தரம் கேற்றிலைக் குத்திக் கழற்றினால் அது எவ்வளவு நாளைக்குப் பிடித்துக்கொண்டிருக்கும்? கடைக்கு இரண்டு தனிப் பொயின்ற் போடுங்கள், கேற்றிலுக்கு ஒன்று, குக்கருக்கு ஒன்று. கேற்றிலைப் பிளக்கில் இருந்து இழுக்காமல் சுவிற்சால் நிறுத்திப் பழகுங்கள். சுருட்டு வயர், அதாவது றீலில் சுற்றி வரும் எக்ஸ்ரென்சனைக் கோயில் திருவிழாவுக்கு எடுத்துப் போவீர்கள் என்றால், சுற்றில் இருந்தபடியே பாவிக்காமல் முழுக்க இழுத்து விடுங்கள். சுற்றுக்குள்ளே சூடு வெளியேற வழியில்லாமல் வயரின் தோல் ஒன்றோடு ஒன்று உருகி ஒட்டிவிடும். 2016 செப்ரெம்பரில் கிளிநொச்சிப் பொதுச் சந்தையில் கடைகள் எரிந்ததை நீங்களும் கண்டிருப்பீர்கள். வரிசையாக ஒட்டி நிற்கும் கடைகளில் ஒருவருடைய நெருப்பு ஒருவரோடு நிற்பதில்லை.

கனடாவில் இருந்து வந்த சித்தப்பா அம்மாவின் முழங்கால் நோவுக்கு ஒரு சூடுபிடிக்கும் மெத்தை தந்தார். அடப்ரர் போட்டுக் குத்தினோம், ஐந்து நிமிடத்தில் புகை வந்துவிட்டது. அடப்ரர் பழுதா?
– வாசகன், மாங்குளம்

அடப்ரர் பழுதில்லை, அது தன் வேலையைச் செய்தது. 120 வோல்ற்றுக்குச் செய்த சூட்டுக் கம்பியில் 230 வோல்ற் கொடுத்தால் சூடு இரண்டு மடங்கு ஆகாது, கிட்டத்தட்ட மூன்றரை மடங்குக்கு மேல் போகும். ஃபோன், மடிக்கணினி சார்ஜர்களில் 100–240 என்று எழுதியிருக்கும், அவற்றை எங்கேயும் குத்தலாம். அயன், மெத்தை, தலைமயிர் காயவைக்கும் சாமான், கேற்றில் போன்றவற்றில் 120 என்று மட்டும் இருந்தால் இங்கே பாவிக்க முடியாது. வெளிநாட்டில் இருந்து வருபவர்களிடம் இதைச் சொல்லிவிடுங்கள், பாவம், அவர்கள் பாசத்தோடு சுமந்துகொண்டு வருகிறார்கள். லண்டன் சாமான் என்றால் வோல்ற்றும் சரி பிளக்கும் சரி, எங்களுடையதோடு பொருந்தும். அம்மாவுக்குச் சுடுதண்ணிப் பை நல்லது.

சதுரப் பிளக்கில் மேலே உள்ள முனை மட்டும் ஏன் நீளம்? எங்கள் வீட்டில் இரண்டு முனைப் பிளக்கைக் குத்த அந்த ஓட்டைக்குள் பேனை மூடியை விட்டுவிட்டுக் குத்துவார்கள்.
– மாணவி, துணுக்காய்

நல்ல கேள்வி மகள். அந்த நீள முனைதான் ஏர்த், அதாவது கசியும் கறண்டை நிலத்துக்குக் கொண்டுபோகும் வழி. அது முதலில் உள்ளே போய் முதலில் தொடுகிறது, கழற்றும்போது கடைசியாகத்தான் விடுகிறது. ஆகவே கறண்ட் முனைகள் இரண்டும் தொடும் நேரம் முழுக்க ஏர்த் இணைந்தே இருக்கும். இன்னொரு வேலையும் செய்கிறது, கீழே உள்ள இரண்டு ஓட்டைகளையும் மூடியிருக்கும் சின்னக் கதவை அதுதான் திறக்கிறது. குழந்தை கம்பியையோ ஆணியையோ விட்டுவிடாமல் இருக்கத்தான் அந்தக் கதவு. இந்தப் பிளக்கின் தரத்தை பிரித்தானியாவில் 1947 இல் கொண்டுவந்தார்கள். இலங்கையிலும் இனி இந்த 13 அம்பியர் சதுரப் பிளக்தான் ஒரே தரம் என்று பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு தீர்மானித்திருக்கிறது.

பேனை மூடியால் திறப்பது அந்தக் கதவையே தோற்கடிப்பது. இரண்டு முனைப் பிளக்கின் மெல்லிய முனை சதுரத் தகட்டில் இறுக்கமாகப் பிடிக்காது, பிடிக்காத இடம் சுடும். வீட்டில் சொல்லிப் பார், கேட்காவிட்டால் இந்தப் பக்கத்தைக் காட்டு.

எங்கள் மருமகளுக்குப் பிள்ளை பிறந்து குளிக்கவார்க்கச் சுடுதண்ணி வேண்டும். வாளிக்குள் விடும் கறண்ட் கம்பி வாங்கினோம். வாளியைத் தொட்டால் கை கூசுகிறது. செருப்புப் போட்டால் கூசவில்லை. செருப்போடு பாவிக்கலாமா?
– வாசகி, நெடுங்கேணி

பாவிக்கக்கூடாது அம்மா. கூசுகிறது என்றால் கறண்ட் உங்கள் உடம்பு வழியாக நிலத்துக்குப் போகிறது என்று அர்த்தம். செருப்பு அதை மறைக்கிறது. ஈரக் காலோடு மருமகள் வந்து தொட்டால் அது கூச்சத்தோடு நிற்காது. கம்பியைத் தூக்கி எறியுங்கள், திருத்தக் கொடுக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதைவிடக் கவலை தந்தது வேறு. கம்பியில் கசிவு இருந்தும் உங்கள் ட்ரிப் விழவில்லை. ஒன்றில் ட்ரிப் வேலை செய்யவில்லை, அல்லது ஏர்த் இல்லை, அல்லது பிளக்கே இரண்டு முனை. மூன்றையும் பார்க்க வேண்டும். ட்ரிப்பில் ரீ (T) என்று அடித்த ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், அதை அமர்த்தினால் வீடு முழுக்கக் கறண்ட் போக வேண்டும். போகாவிட்டால் அந்த ட்ரிப் சுவரில் தொங்கும் ஒரு அலங்காரச் சாமான். மாதம் ஒருக்கா, பௌர்ணமிக்கோ அமாவாசைக்கோ என்று ஒரு நாளை வைத்துக்கொண்டு அமர்த்திப் பார்க்கலாம். ட்ரிப்பின் முகத்தில் 30 மில்லி அம்பியர் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள், உயிரைக் காக்கிற அளவு அதுதான். 100, 300 என்று இருப்பவை வீடு தீப்பிடிப்பதைத் தடுக்க உதவும், ஆளைக் காப்பாற்றப் போதாது.

ஏர்த் விசயம் எங்கள் மண்ணோடு சேர்ந்தது. இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் நிலத்தில் அடித்த அதன் சொந்த ஏர்த் கம்பிதான் துணை. அந்தக் கம்பி ஈர மண்ணில் நின்றால்தான் வேலை செய்யும். மாரியில் எல்லாம் நன்றாக இருக்கும், ஆடி ஆவணியில் வன்னி நிலம் வெடித்துக் கிடக்கும்போது அதே கம்பி செத்த கம்பியாகிவிடும். வீடு கட்டும்போது கண்ணுக்குத் தெரியாத மூலையில், கூரைத் தண்ணிகூட விழாத இடத்தில் அதை அடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கிணற்றடித் தண்ணி ஓடும் வாழைப்பாத்திப் பக்கம் அடிப்பது நல்லது. வயர் கம்பியோடு சேரும் பிடி துருப்பிடித்துக் கழன்றிருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள், மண்வெட்டி பட்டு அறுந்த ஏர்த் வயர்களை ஊரில் நிறையக் காணலாம்.

பிள்ளைக்கான தண்ணியை இப்போதைக்கு அடுப்பில் கொதிக்க வையுங்கள். விறகு கஷ்டம் என்றால் மூன்று முனைப் பிளக்கோடு வரும் கறண்ட் கேற்றில் இந்தக் கம்பியைவிட எவ்வளவோ மேல். பிறகு எப்போதாவது இந்தக் கம்பி வாங்கும் வேறு யாருக்காவது இதைச் சொல்கிறேன்: பிளாஸ்ரிக் வாளி, கம்பி முழுக்கத் தண்ணிக்குள் போன பிறகுதான் பிளக், பிளக்கைக் கழற்றின பிறகுதான் கையை விடுவது. சூடு பார்க்க விரலை விட்டுப் பார்ப்பதுதான் ஆட்களைக் கொல்கிறது. பிள்ளைகள் ஓடித்திரியும் வீட்டில் கதவைப் பூட்டிவிட்டுத்தான் போட வேண்டும்.

கோழிக்குஞ்சுக் கூட்டுக்கு 100 வாற்ஸ் பல்ப் தொங்கவிட்டிருக்கிறேன், கீழே உமி. வயரை முற்றத்தால் இழுத்து இரண்டு இடத்தில் முறுக்கி ரேப் சுற்றியிருக்கிறேன். மழை பெய்தால் ட்ரிப் விழுகிறது. ட்ரிப்பை மாற்றவா?
– வாசகர், விசுவமடு

ட்ரிப்பை மாற்ற வேண்டாம், அந்த இரண்டு முறுக்கையும் எடுத்துவிட்டு மூட்டு இல்லாத ஒரே வயராகப் போடுங்கள். உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதே அந்த ட்ரிப்தான். பல்ப் வயரில் தொங்கக்கூடாது, சங்கிலியிலோ கட்டுக்கம்பியிலோ தொங்க வேண்டும், வயரில் பாரம் இருக்கக்கூடாது. குண்டு பல்பின் கண்ணாடி காகிதத்தைக் கருக்கும் அளவுக்குச் சூடேறும். குஞ்சுகள் கிளறி உமியை மேட்டாக்கினாலோ பல்ப் அறுந்து விழுந்தாலோ, உமி சுவாலையில்லாமல் உள்ளுக்குள்ளேயே மணிக்கணக்காகப் புகைந்து, நீங்கள் நித்திரையான பிறகு பற்றும். பல்பைச் சுற்றிக் கம்பி வலைக் கூடு ஒன்று போடுங்கள்.

எவ்வளவு உயரத்தில் தொங்கவிடுவது என்பதைக் குஞ்சுகளே சொல்லும். முதல் கிழமை 32 முதல் 35 பாகை வரை வேண்டும், பிறகு கிழமைக்கு 3 பாகை போலக் குறைக்கலாம். பல்புக்குக் கீழே ஒன்றின்மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டு நின்றால் குளிர், கரைக்கு ஓடி இறக்கையை விரித்துக்கொண்டு நின்றால் சூடு கூட. பரவி நின்று தீன் கொத்தினால் சரி. கூட்டைச் சுற்றி எலி இருந்தால் வயரைப் பைப்புக்குள் விட்டு எடுங்கள்.

பிளக்கில் தீப்பிடித்தால் உடனே என்ன செய்ய? எங்கள் வீட்டில் கிணறு பக்கத்தில்தான்.
– வாசகர், பூநகரி

தண்ணி ஊற்றக்கூடாது, அதுதான் முதலாவது. கறண்ட் இருக்கும் இடத்தில் தண்ணி ஊற்றினால் ஊற்றுபவருக்குத்தான் அடிக்கும். மெயின் சுவிற்சை நிறுத்துங்கள், ஆகவே மெயின் போட்டுக்கு முன்னால் நெல் மூடை, அலுமாரி எதுவும் வைக்காதீர்கள், இருட்டிலும் கை போய்ச் சேர வேண்டும். நிறுத்தின பிறகு சின்ன நெருப்பு என்றால் உலர்ந்த மணலை அள்ளிப் போடலாம், அல்லது தடித்த பருத்திப் போர்வையால் மூடலாம். நைலோன் துணி வேண்டாம், அது உருகி ஒட்டும். நெருப்பு ஆள் உயரத்துக்கு வந்துவிட்டாலோ அறையில் புகை நிறைந்துவிட்டாலோ ஒன்றையும் எடுக்கப் போகாமல் எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுங்கள். யாருக்காவது கறண்ட் அடித்துப் பிடித்துக்கொண்டிருந்தால் மெயினை நிறுத்தும்வரை அவரைக் கையால் தொடக்கூடாது.

எரிகாயத்துக்குப் பற்பசையும் பூசக்கூடாது, நெய்யும் பூசக்கூடாது. ஓடும் சாதாரணத் தண்ணியில் 20 நிமிடம் பிடியுங்கள், கிணற்றுத் தண்ணி அதற்குத்தான் உதவும். அம்புலன்ஸுக்கு 1990, மின்சார சபைக்கு 1987. இரண்டையும் மெயின் போட் கதவின் உள்பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். கறண்ட் அடித்தவர் எழும்பி நன்றாகக் கதைத்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இதயத் துடிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.